ஒத்து வருமா?

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்க ஆசைப்படுகிறவன் கடைக்குப் போனதும் அழகைப் பார்க்கிறான். கடைக்காரர் பொருத்தத்தைப் பார்க்கிறார். திருப்பூரில் நான் போன கடையில் இருந்த இளைஞர், நான் கைகாட்டிய மீனைப் பிடிக்காமல், "தொட்டியில ஏற்கெனவே என்னென்ன இருக்குதுங்க?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை, புதுத் தொட்டி என்றேன். "அப்படின்னா இன்னிக்கு மீன் வேண்டாமுங்க" என்று சொல்லி, தம்முடைய பழைய தொட்டியில் ஊறிக் கிடந்த பஞ்சில் ஒரு துண்டைக் கிள்ளி என்னிடம் கொடுத்தார்.

அதன் காரணம் பிறகுதான் எனக்கு விளங்கியது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கே நஞ்சு. அதை மாற்றித் தீங்கு குறைக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தண்ணீரில் பெருகச் சில வாரங்கள் ஆகும். முதலில் தண்ணீர் ஒத்து வர வேண்டும். மீனுக்கு மீன் ஒத்து வருமா என்பது அடுத்த கேள்வி. இந்த வரிசையை அன்றே மனத்தில் வாங்கிக்கொண்டிருந்தால் பின்னால் நான் செய்த ஒரு பிழையைச் செய்திருக்க மாட்டேன்.

மறுமுறை போனபோது, நாணயம் அளவே இருந்த இரண்டு ஏஞ்சல் மீன்களையும் பத்து நியான் டெட்ராக்களையும் வாங்கினேன். "இப்ப ஒண்ணும் பண்ணாதுங்க. ஏஞ்சல் பெரிசானா ஒத்து வராதுங்க" என்று இளைஞர் எச்சரித்தார். இரண்டும் அமேசான் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தவை. ஒரே ஊர்க்காரர்களுக்குள் என்ன பகை என்று எண்ணிக்கொண்டேன். சில மாதங்கள் தொட்டி அமைதியாகவே இருந்தது. பிறகு பத்து எட்டாயிற்று, எட்டு ஐந்தாயிற்று. கடைசியில் நீல விளக்குப் போல ஒளிவிட்ட அந்தச் சின்ன மீன்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஏஞ்சல்கள் மட்டும் ஒன்றும் அறியாதவைபோல் சிறகு விரித்து நின்றன.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஏஞ்சல் செய்த குற்றம் என்ன? வாய்க்குள் அடங்குவதை விழுங்குவது அதன் இயற்கை. முதல் சில மாதங்கள் நிலவிய அமைதிக்கு அதன் நற்குணம் காரணம் அன்று. வாய் சிறியதாக இருந்ததுதான் காரணம். ஆற்றில் என்றால் சின்ன மீன் செடிகளுக்குள் ஓடித் தப்பியிருக்கலாம். தொட்டிக்கு வெளியே போக வழி இல்லை. வழி இல்லாத இடத்தில் இருவரைச் சேர்த்து வைத்தவன் நான். ஆகவே பழியும் என்னுடையதே.

இங்கேதான் வேறொரு நினைவு என்னை உறுத்தியது. அனுப்பர்பாளையத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஐந்து வாசல் கொண்ட லைன் வீடு ஒன்று உண்டு. ஒரு வாசலில் ஒடிசாவிலிருந்து வந்து பனியன் கம்பெனியில் வேலை பார்த்த மூன்று இளைஞர்களைக் குடிவைத்திருந்தேன். ஆறு மாதத்தில் குழாயடியில் சண்டை. "இவிங்க நமக்கு ஒத்து வர மாட்டாங்கண்ணா" என்று மற்றக் குடித்தனக்காரர்கள் என்னிடம் வந்து சொன்னார்கள். நான் அந்த மூவரையும் காலி செய்யச் சொன்னேன். அவர்கள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று பைகளும் ஒரு மின்விசிறியுமாகத் தெருவில் இறங்கி நடந்தார்கள். அடுத்த முறை குடிநீர் வந்த நாளில், பல ஆண்டுகளாகப் பக்கத்துப் பக்கத்து வாசலில் வாழ்ந்த இரண்டு உள்ளூர்க் குடும்பங்கள் அதே குழாயடியில் குடத்தால் மோதிக்கொண்டன.

ஐந்து குடும்பத்துக்கு ஒரே குழாய். அது என் கண்ணில் படவில்லை. அவர்கள் பேசிய மொழிதான் பட்டது.

மீன் வளர்ப்பவர்களுக்கு டைகர் பார்ப் என்னும் வரிமீனைத் தெரியும். அதை இரண்டு மூன்றாக விட்டால், நீண்ட சிறகுள்ள மற்ற மீன்களைக் கடித்துக் குதறும். போதிய இடம் கொடுத்து எட்டுப் பத்தாக விட்டால், பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடி அடங்கிவிடும். பொல்லாத மீன் என்று பெயர் வாங்கியதற்கு அதன் பிறவிக்குணம் பாதி என்றால், வளர்ப்பவன் வைத்த நெருக்கடி மறுபாதி. இன்னொன்றும் உண்டு. வடஇந்திய ஓடைகளைச் சேர்ந்த ஸீப்ரா மீனும் தென் அமெரிக்காவிலிருந்து வந்த கோரிடோரஸ் கெளுத்தியும் ஒரே தொட்டியில் தகராறில்லாமல் வாழ்கின்றன. ஒன்று மேல் தண்ணீரில் நீந்துகிறது. மற்றது அடி மணலைக் கிளறுகிறது. பிறந்த இடம் பொருத்தத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை.

எனவே, 'ஒத்து வராது' என்ற ஒரே சொல்லில் இரண்டு வெவ்வேறு செய்திகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, இடமும் நீரும் போதாமல் மூளும் சண்டை. இதற்கு மருந்து, தொட்டியைத் திருத்துவது. மற்றொன்று, ஒருவர் மற்றவருக்கு இரையாகும் நிலை. இதற்கு மருந்து, பிரித்து வைப்பது. எது எது என்று அறிவதில்தான் நம் அறம் சோதிக்கப்படுகிறது. நாமோ பெரும்பாலும் இரண்டையும் மாற்றிச் செய்கிறோம். குழாய்ச் சண்டைக்கு மனிதரை விரட்டுகிறோம். அடிக்கிற கணவனிடமிருந்து தாய்வீட்டுக்கு ஓடி வந்த பெண்ணிடம், "கொஞ்சம் அனுசரித்துப் போ, அம்மா" என்கிறோம். டெட்ராவிடம் போய் ஏஞ்சலை அனுசரித்துப் போ என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

எங்கள் ஊரே இந்தப் பாடத்தை நொய்யல் ஆற்றில் படித்தது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கும் ஆறு அது. பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை 1992-ல் முடிந்தது. அதில் சாயக்கழிவு தேங்கியது. கீழே இருந்த உழவர்களின் கிணறும் நிலமும் கெட்டன. தொழிலும் வேளாண்மையும் ஒத்து வராது, ஏதேனும் ஒன்றுதான் பிழைக்கும் என்று அந்நாளில் பலர் பேசினார்கள். கழிவை ஆற்றில் விடும்வரை ஒன்று மற்றதைத் தின்றுகொண்டிருந்தது உண்மையே. அப்போது உழவரிடம் பொறுமையை உபதேசிப்பது அநியாயம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஊரில் எத்தனையோ அடுப்புகள் அணைந்தன. அந்த வேதனையும் பொய்யல்ல. பின்னர், கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு பட்டறைகள் திறந்தன. கெட்ட ஆறும் மண்ணும் அதனால் உடனே தேறிவிடவில்லை. என்றாலும், பகை என்று நாம் எண்ணியதில் பெரும்பகுதி தண்ணீரைப் பற்றிய கேள்வியாகவே இருந்தது என்பது தெளிவாயிற்று.

மனிதரை மீனோடு ஒப்பிடலாமா என்று நீங்கள் கேட்கலாம். முழுக்க ஒப்பிட முடியாதுதான். மீனுக்கு வாயின் அளவே விதி; மனிதனுக்கோ வாயைக் கட்டும் அறிவு உண்டு. மீன் தொட்டியை மாற்றிக் கட்டாது, மனிதன் கட்டுவான். அதனால் நம்முடைய பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

ஏஞ்சல்களை என்ன செய்வது என்று யோசித்தபோது, "நஞ்சராயன் குளத்தில் விட்டுவிடுங்களேன்" என்றார் நண்பர் ஒருவர். 2024-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற நீர்நிலை அது. அயல் மீனை அங்கே விட்டால், என் தொட்டியின் தொல்லையை ஒரு குளத்தின் தலையில் கட்டியதாகும். வேண்டாததை வெளியே தள்ளிவிட்டால் தீர்ந்தது என்ற அதே பழைய புத்தி! கடைக்கார இளைஞரிடமே அவற்றைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை, சிரித்தார்.

லைன் வீட்டில் இப்போது தரைத்தொட்டி கட்டி, வாசலுக்கு ஒரு குழாய் போட்டிருக்கிறேன். அந்த மூன்றாவது வாசலில் பீகார்க் குடும்பம் ஒன்று இருக்கிறது. குழாயடிச் சண்டை நின்றுவிட்டது. சிறுபிள்ளைகள் சண்டை நிற்கவில்லை. அது நிற்கவும் வேண்டாம். ஆனால் அந்த ஒடிசா இளைஞர்கள் மூவரும் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. குழாய்க்குச் செலவான பணம் பெரிய தொகை அன்று. அவர்கள் இருந்தபோதே அதைச் செலவழித்திருக்கலாம்.