ஒரே கப்பலின் பிரயாணிகள்



ஆஸ்திரேலியா தேசத்து மெல்பர்ன் நகரில், விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தில் ஒரு சித்திரம் இருக்கிறது. டாம் ராபர்ட்ஸ் என்னும் ஓவியர் 1886-ஆம் ஆண்டில் அதைத் தீட்டினார். 'தென்திசை நோக்கி வருதல்' என்பது அதன் பெயரின் பொருள். பாயும் நீராவியும் கொண்ட கப்பலொன்றின் மேல்தளம், பட்டப்பகல் வெளிச்சம், இங்கிலாந்தை விட்டு, பிழைப்பைத் தேடி ஆஸ்திரேலியா செல்லும் ஜனங்கள். ஒரு தாய் கைக்குழந்தையை அணைத்தபடி இருக்கிறாள். அருகருகே நெருக்கமாய் அமர்ந்திருந்தும், பலர் தத்தம் நினைவிலேயே ஆழ்ந்திருக்கிறார்கள். விட்டுவந்த வீடு தூரமாகிவிட்டது. போய்ச்சேரும் ஊரோ இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை.

இந்தத் தவிப்பை ஓவியர் தாமே அறிந்தவர். தந்தையை இழந்த அவர், 1869-ஆம் ஆண்டில், பதின்மூன்று வயதுச் சிறுவனாய், விதவைத் தாயோடு இதே கடலைக் கடந்தார். பின்பு லண்டனில் சித்திரக்கலை பயின்று, 1885-இல் திரும்பி வந்த பிரயாணமே இச்சித்திரத்துக்குக் காரணமாயிற்று. கப்பலின் கம்பீரத்தைவிட, அதில் போகிற எளிய ஜனங்களின் முகங்களே அவர் மனதைத் தொட்டன.

பிரியமானவர்களே, கோவிலில் நாம் அமரும் நடுக்கூடத்துக்குக் கப்பல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லே பெயராய் வழங்குகிறது. நாமும் மோட்சக் கரையை நாடிச் செல்லும் பிரயாணிகள். ஆனால் ஒரே கப்பலில் ஏறியும் அந்நியராகவே இருந்துவிடுகிறோமே! கடைசி வரிசையில் தனியாய் முழந்தாளிடும் அந்தப் புதுக்குடும்பத்தின் பேராவது நமக்குத் தெரியுமா?

நம் பிள்ளைகளும் கடல் கடந்து போயிருக்கிறார்கள். அங்கே ஒருவராவது அவர்களை அன்போடு விசாரிக்க வேண்டுமென்று தினமும் ஜெபமாலை சொல்லுகிறோம். எங்கோ வேறொரு தாயும் தன் மகனுக்காக அதே ஜெபத்தைச் செய்கிறாள். அந்த மகன் நம் தெருவிலேயே வாடகைக்குக் குடியிருக்கிறான். அவள் ஜெபத்துக்குச் சர்வேசுரன் தரும் பதில் நாமாக இருக்கலாகாதா? அந்நியரை ஏற்றுக்கொள்பவன் தம்மையே ஏற்றுக்கொள்கிறான் என்று சேசுநாதர் போதித்தார் அல்லவா?

ஆகையால் இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் உடனே வீடு திரும்பாதீர்கள். அறிமுகமில்லாத ஒருவரிடமாவது சென்று பேசுங்கள்; உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். சமுத்திரத்தின் நட்சத்திரமாகிய தேவமாதா, நாம் எல்லோரும் ஒன்றாய்க் கரைசேர மன்றாடுவார்களாக. ஆமென்.