மடத்தின் பொருள்

தனக்கென ஒன்றும் வையாதவன், தன் மடத்திற்கெனச் சேர்க்கலாமா? எகிப்து நாட்டில், நைல் நதிக்கரையில் மடங்கள் பல நிறுவி 346-இல் மறைந்த பக்கோமியஸ் அடிகளின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கின்றது. அவருடைய துறவியர் பாயும் கூடையும் முடைந்து விற்று உண்டனர். ஒருமுறை, மடத்தில் செய்த செருப்புகளை விற்கச் சென்றவர், குறித்த விலைக்கு மேல் பொருள் கொணர்ந்தார். வாங்கியோர் தாமே தந்தது அது. அவர் தமக்கென எடுத்துக்கொள்ளவும் இல்லை. கோப்பு எழுதிப் பழகிய நம் போன்றோர் பாராட்டியே இருப்போம்! அடிகளோ மிகையைத் திருப்பித் தரச் செய்து, அவரைப் பொறுப்பினின்றும் நீக்கினார். மடத்தின் பொருட்டு எழும் ஆசையும் ஆசையே எனக் கண்டார் போலும்.

அவருக்குப்பின் மடங்களுக்கு நிலமும் படகும் பெருகின. அவற்றைப் பேணும் கவலையும் பெருகிற்று. பின்னர்த் தலைமையேற்ற தியோடோர், இரவில் குருவை அடக்கம் செய்த இடத்திற்குச் சென்று, அழுது வேண்டினார் என்பர்.