கணக்கில் ஏறாத செலவு

பிரயாணம் என்றால் என்ன என்று கொட்டாம்பட்டிக்காரர்களுக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேலூரைத் தாண்டி வடக்கே போகிற மதுரை - திருச்சி நெடுஞ்சாலையில், ஒரு பக்கம் நத்தத்துக்கும் மறுபக்கம் சிங்கம்புணரிக்கும் கிளை பிரிகிற இடத்தில் ஊர் இருக்கிறது. தை மாதம் செட்டிநாட்டுப் பக்கமிருந்து பழனிக்கு நடக்கிறவர்கள் காவடியோடு வருவார்கள். மற்ற மாதங்களில் கூரைமேல் மூட்டை கட்டிய வேன்கள் வரும். அப்படி ஒரு வேன் சாலையோரம் நின்றால், இறங்கியவர்களில் யார் என்ன செய்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். ஆண்கள் சோம்பல் முறித்துக்கொண்டு டீக்கடையைத் தேடுவார்கள். குழந்தைகள் ஓடும். பெண்கள் மட்டும் பின்கதவைத் திறந்து அடுப்பை இறக்குவார்கள். ஒருத்தி வெங்காயம் உரிப்பாள். ஒருத்தி குடத்தோடு தண்ணீர் தேடிப் போவாள். ராமேசுவரம் பார்க்க வந்தவளுக்கும் வழியெல்லாம் கண்ணில் படுவது சோற்றுப்பானைதான்.

கையில் காசு குறைவாக உள்ள குடும்பம் ஊர் சுற்றிப் பார்க்க ஆசைப்படலாமா என்று கேட்டால், தாராளமாக ஆசைப்படலாம் என்பதே என் பதில். ஆனால் அந்தச் சிக்கனத்தை யார் தலையில் கட்டுவது என்று அடுத்தபடியாக ஒரு கேள்வி இருக்கிறது. அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

எனக்குத் தங்கை முறையாகும் ஒருத்தியின் கணவர் அந்த ஊரில்தான் இருக்கிறார், பள்ளிக்கூட ஆசிரியர். சொந்தக் காரிலேயே காசி வரை போய்த் திரும்ப வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் எண்ணம். தாய் தகப்பனார், மனைவி, இரண்டு குழந்தைகளோடு ஆறு பேர், 25 நாள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். போக வர, அங்கங்கே சுற்ற, எல்லாம் சேர்த்து 5,400 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் 450 லிட்டர் டீசல். லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 45,000 ரூபாய். மடங்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்குவதற்கு 15,000. சுங்கச்சாவடிக்கும் சில்லறைச் செலவுக்கும் 15,000. வீட்டிலிருந்தே அரிசி, பருப்பு, பொடிகள் எடுத்துப் போய்ச் சமைத்துக்கொள்வதால் சாப்பாட்டுக்கு வெறும் 10,000. ஆக மொத்தம் 85,000. கையில் 60,000 இருந்தது. மீதிக்குச் சங்கிலியை அடகு வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். யாருடைய சங்கிலி என்று எழுதவில்லை.

“ஓட்டலில் சாப்பிட்டால் எவ்வளவு ஆகும், மாப்பிள்ளை?” என்று கேட்டேன்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 ரூபாய் என்று வைத்துப் பெருக்கினார். 45,000 வந்தது. டீசலுக்கு ஆகிற அதே தொகை! அவரே ஒரு கணம் திகைத்துப் போனார். அப்படியானால் அந்தப் பிரயாணத்தில் 35,000 ரூபாய் மிச்சமாகிறது. அந்த 35,000 ரூபாயைக் கொடுப்பது யார்? விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்து, ஊர் தெரியாத இடத்தில் தண்ணீர் பிடித்து, ஆறு பேருக்கு வடித்துக் கொட்டி, பாத்திரம் கழுவி, அதன் பிறகு எல்லோருக்கும் கடைசியாக வண்டியில் ஏறப்போகிறவள்தான் கொடுக்கிறாள்.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த தங்கை வெளியே வந்தாள். “அண்ணே, அடுப்படியிலயே இருக்கிறதுன்னா நம்ம வீட்டு அடுப்படிக்கு என்ன குறைச்சல்? இங்க அடுப்பாவது ஆடாம நிக்கும். இவுக போயிட்டு வரட்டும்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

பழைய காலத்தில் ஏழைகள் காசிக்குப் போகவில்லையா என்று கேட்பார்கள். போனார்கள். வேறு யாரோ செலவை ஏற்றுக்கொண்டிருந்ததால் போனார்கள். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டதோடு நிற்கவில்லை. வழியில் சத்திரங்களும் கட்டினாள். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சத்திரம் இன்னும் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாட்டுக்கோட்டை நகரத்தார் காசியிலேயே 1863-ல் சத்திரம் ஏற்படுத்தினார்கள். வழிப்போக்கனுக்குச் சோறும் திண்ணையும் கொடுப்பதை அவர்கள் சலுகை என்று சொல்லவில்லை, தர்மம் என்றார்கள். கொடுத்தவர்களின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. வேனிலிருந்து அடுப்பை இறக்குகிறவளுக்கு எந்தக் கல்வெட்டும் கிடையாது. கொடுக்கிறோம் என்று அவளுக்கே தெரியாது. வாங்குகிறோம் என்று மற்றவர்களுக்கும் தெரியாது.

கடன் வாங்கி ஊர் சுற்றுவது பாவம் என்று சொல்லுகிற பெரியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் சீமையில் காதுகுத்துக்குக் கடன் வாங்குகிறோம், கல்யாணத்துக்கு வாங்குகிறோம், பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் வாங்குகிறோம். அதையெல்லாம் யாரும் ஊதாரித்தனம் என்று சொல்வதில்லை, மொய்யாகத் திரும்பி வரும் என்ற நம்பிக்கை இருப்பதால். துங்கபத்திரை ஆற்றைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு யாரும் மொய் எழுதுவதில்லை. அதனால் அது வீண்செலவாகிவிட்டது!

கொச்சியில் விஜயன், மோகனா என்று ஒரு தம்பதி டீக்கடை நடத்தினார்கள். வேலையாள் வைக்கவில்லை. தினம் 300 ரூபாய் எடுத்து வைத்தார்கள். போதாததற்கு வங்கியில் கடன் வாங்கினார்கள். 2007-லிருந்து வெளிநாடுகளுக்குப் போய் வந்தார்கள். திரும்பி வந்து டீ ஆற்றியே கடனை அடைத்தார்கள். அடைத்ததும் மறுபடி கிளம்பினார்கள். 2021 நவம்பரில் விஜயன் இறப்பதற்குள் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தேசங்களைப் பார்த்துவிட்டார்கள். சிலர் இதைப் படித்துவிட்டு, கடைசிக் காலத்துக்கு ஏதாவது சேர்த்து வைத்திருக்கலாமே என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடனும் உழைப்பும் அந்த இருவருடையவை; ஊர் பார்த்ததும் அந்த இருவரே. டீ ஆற்றியவளும் விமானத்தில் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் மைசூரைச் சேர்ந்த கிருஷ்ண குமார். பெங்களூரில் நல்ல உத்தியோகத்தில் இருந்தவர். தகப்பனார் காலமான பிறகு ஒரு நாள் பேச்சுவாக்கில் தாயாரிடம், எந்தெந்தக் கோயில்களைப் பார்த்திருக்கிறாய் என்று விசாரித்திருக்கிறார். கூட்டுக் குடும்பத்துக்குச் சமைத்துப் போட்டே வயதாகிவிட்ட அந்த அம்மாள், பக்கத்திலிருக்கும் பேலூரையும் ஹளேபீட்டையும்கூடப் பார்த்ததில்லை என்று தெரிந்தது. பிள்ளை வேலையை விட்டார். தகப்பனார் 2001-ல் வாங்கிக் கொடுத்த பழைய பஜாஜ் சேதக் ஸ்கூட்டரில், எழுபது வயதைத் தொட்ட தாயாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு 2018 ஜனவரியில் புறப்பட்டார். சேமிப்பே கைமுதல், மடங்களிலும் கோயில்களிலும் தங்கினார்கள். தேசத்தைச் சுற்றி, நேபாளம், பூட்டான் வரைக்கும் போய், கொரோனாவால் 2020-ல் மைசூர் திரும்புவதற்குள் 50,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தது அந்த வண்டி.

தாய்ப்பாசம் என்று பத்திரிகைகள் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் எனக்கு இதில் ஒரு கடன் தீர்வதும் தெரிகிறது. வீட்டிலிருந்த மற்றவர்கள் வேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போகவும் கோயிலுக்குப் போகவும் முடிந்ததற்கு, அந்த அம்மாள் போகாமல் இருந்தது ஒரு காரணம். பல குடும்பங்களில் அந்தக் கடன் இருக்கிறது என்றே யாருக்கும் தோன்றுவதில்லை. தோன்றுகிறபோது அம்மாவுக்கு முழங்கால் வலி வந்துவிடுகிறது.

தங்கை கணவரின் நோட்டில் இப்போது புதிய பக்கம். எந்த ஊர் பார்க்க வேண்டும் என்று முதன்முறையாக மனைவியைக் கேட்டாராம். அவள் காசியைச் சொல்லவில்லை. பேலூரையும் ஹம்பியையும் சொன்னாள். 12 நாள், 1,800 கிலோமீட்டர். டீசல் 15,000, ஓட்டல் சாப்பாடு 21,600, இரண்டு அறைகளுக்குப் பதினோரு இரவுக்கு 22,000, சுங்கம், சில்லறைக்கு 6,400. மொத்தம் 65,000. குறைகிற ஐயாயிரத்தை வருகிற இரண்டு மாதச் சம்பளத்தில் ஒதுக்கப் போகிறார். சங்கிலி கழுத்தில்தான் இருக்கிறது. காசியைப் பார்க்காமல் போய்விடுவோமோ என்று கிழவருக்கு மட்டும் வருத்தம். அதையும் நான் லேசாக நினைக்கவில்லை. அவருக்கு ரயிலில் டிக்கெட் எடுக்கிற பேச்சு நடக்கிறது.

விடியற்காலையில் காப்பி போட மட்டும் ஒரு சின்ன ஸ்டவ் எடுத்துக்கொள்ளலாமா என்று மாப்பிள்ளை கேட்டிருக்கிறார்.

“எடுத்துக்கிருவோம். யாரு போடுறதுன்னும் அந்த நோட்டுலயே எழுதிருங்க” என்றாளாம் தங்கை.

போன வாரம் பார்த்தபோது அந்த இடம் காலியாகத்தான் இருந்தது.