விலை கொடுத்தால் போதுமா?

மயிலாப்பூர் லஸ் அருகே ஒரு பழைய பேப்பர் கடையில் என் மாணவன் ஒருவனைக் கண்டேன். பாதி எழுதப்படாத நோட்டுகள் தராசில் ஏறிக்கொண்டிருந்தன. “இவற்றில் இன்னும் எழுதலாமே, தம்பி!” என்றேன். “காசு கொடுத்து வாங்கியவைதானே, ஹஜ்ரத்? மேலும், மறுபடியும் காகிதமாகிவிடுமே!” என்றான். இரண்டு வாதங்கள். இரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்போம்.

பழந்தாள் மீண்டும் தாளாவது நன்மையே; மரமும் நீரும் மிச்சமாகின்றன. ஆயினும் ஒவ்வொரு முறை அரைக்கும்போதும் அதன் நார் குறுகுகிறது. சில முறைகளுக்குமேல் தாங்காது. பிறகு புதுக்கூழ் சேர்த்தே ஆகவேண்டும். 1979-இல் தமிழக அரசு நிறுவிய புகளூர்க் காகித ஆலை கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறது. அங்கும் மரக்கூழின் தேவை அறவே ஒழிந்துவிடவில்லை.

இனி, விலை. அந்தக் காசு கடைக்கும் ஆலைக்கும் சேர்ந்தது. மரம் வளர்ந்த காலத்துக்கு விலை கொடுத்தவர் யார்? பல நூற்றாண்டுகள் நின்ற அடையாறு ஆலமரத்தின் நடுத்தண்டு 1989-இல் புயலில் சாய்ந்தது. விழுதுகள் இன்றும் வாழ்கின்றன. அந்தத் தண்டை எவ்விலை கொடுத்தும் மீட்க இயலாது.

ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்பது மார்க்கத்தின் போதனை. ஆற்றுநீருக்கு விலையே இல்லை. எனினும் விரயம் விரயமே. ஆகவே விலை கொடுத்ததும் கொடாததும் இங்கே கேள்வியன்று. கைக்கு வந்த பொருள் அமானிதம்.

இருபுறமும் எழுதி முடிப்போம். அதன்பின் தராசில் வைப்போம். முறை அதுவே.