தேய்மானக் கணக்கு

மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. பூட்டு கிடையாது. வாட்ச்மேன் கிடையாது. உள்ளே ஒரு குட்டி நோட்டு, ஒரு பென்சில், நாலைந்து பொம்மை, ஒரு கீ செயின். அது இருக்கிற இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகை சகிதம் ஊருக்கே அறிவித்துவிட்டு, வைத்தவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எத்தனை நாள் தாங்கும்?

'சாயங்காலம் வரைக்கும் தாங்கினால் பெரிசு' என்கிறீர்களா? உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். தண்ணீர்ப் பானை டம்ளருக்குச் சங்கிலி, பேங்க் பேனாவுக்கு நூல் என்று பார்த்துப் பழகிய கண்கள் நம்முடையவை. ஆனால், இப்படிப்பட்ட பெட்டிகள் இன்றைக்கு உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் 2000 மே 11 அன்று ஆரம்பித்த 'மிங்கோ' என்ற இடத்தைத் தேடி இன்னமும் ஆட்கள் போகிறார்கள். இந்த விளையாட்டுக்குப் பெயர் ஜியோகேச்சிங்.

இது பிறந்த கதை சுவாரஸ்யமானது. ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. சாதாரண ஜனங்களின் கருவி நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே 2 அன்று, அதிபர் கிளின்டனின் உத்தரவுப்படி அந்தப் பிழையை நீக்கினார்கள். மறுநாளே டேவ் அல்மர் என்ற கம்ப்யூட்டர்காரர், 'நிஜமாகவே துல்லியமாகிவிட்டதா, சோதித்துப் பார்ப்போமே' என்று கிளம்பினார். ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் பக்கம் பீவர்க்ரீக் என்ற ஊருக்கு அருகே ஒரு கறுப்பு பக்கெட்டைப் பாதி புதைத்து வைத்தார். உள்ளே புத்தகம், வீடியோ, சாஃப்ட்வேர், ஒரு உண்டிவில், ஒரு டின் பீன்ஸ்! இடத்தின் எண்களை இன்டர்நெட்டில் போட்டார். நிபந்தனை ஒன்றே ஒன்று. ஏதாவது எடுத்தால், ஏதாவது வைக்க வேண்டும். மூன்றே நாளில் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள்.

உங்களுக்கும் ஆசை வருகிறதா? ஆரம்பிப்பது சுலபம். தனிக் கருவியெல்லாம் வேண்டாம், கையில் இருக்கிற செல்போன் போதும். ஜியோகேச்சிங் ஆப் இறக்கி, இலவசமாகவே ஒரு கணக்கு ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு மதிப்பெண் உண்டு. கண்டுபிடிக்க எவ்வளவு கஷ்டம், நடந்துபோக எவ்வளவு கஷ்டம். இரண்டும் ஒன்று முதல் ஐந்து வரை. முதல் தடவை இரண்டிலும் ஒன்று, ஒன்றரை போட்டிருக்கிற 'ட்ரெடிஷனல்' ரகத்தை எடுங்கள். அளவு பெரிதாக இருக்கட்டும். ஃபிலிம் ரோல் டப்பா சைஸ் எல்லாம் உண்டு. அதைத் தேடப் போனால் முதல் நாளே வெறுத்துவிடும். கடைசியாக யார், எப்போது கண்டுபிடித்தார்கள் என்றும் பாருங்கள். வருஷக்கணக்கில் யாருக்கும் அகப்படாத பெட்டி அங்கே இல்லாமலே போயிருக்கலாம்.

செல்போன் உங்களைப் பத்து மீட்டர் பக்கத்தில் கொண்டுபோய் விடும். அதற்குமேல் கண்தான். இயற்கை அடுக்காத மாதிரி அடுக்கியிருக்கிற கற்கள், வரிசையாகக் கிடக்கிற குச்சிகள்... அங்கே கை வையுங்கள். முதலில் பாம்பு, தேள் இல்லையா என்று பார்த்துவிட்டு! பேனா நீங்களே கொண்டுபோங்கள். நோட்டில் பெயர், தேதி எழுதுங்கள். பெட்டியை இருந்த மாதிரியே, இருந்த இடத்திலேயே வையுங்கள். தின்பண்டம் மட்டும் உள்ளே போடாதீர்கள். மோப்பம் பிடித்து விலங்குகள் வந்து கடித்துக் குதறிவிடும்.

நீங்களே ஒரு பெட்டி வைக்க ஆசைப்பட்டால், இடத்துக்காரரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். 2011-ல் இங்கிலாந்தின் வெதர்பி ஊரில் இப்படி ஒரு டப்பாவைப் பார்த்துப் பயந்துபோய், வெடிகுண்டு நிபுணர்களை வரவழைத்து அதை வெடிக்க வைத்தார்கள். உங்கள் விளையாட்டு, அடுத்தவருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கக் கூடாது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த விளையாட்டில் பரம்பரையாகச் சொல்லிக்கொடுக்கிற ஒரு விதி உண்டு. எதை எடுத்தாலும், அதற்குச் சமமானதையோ, அதைவிட ஒரு படி மேலானதையோ பதிலுக்கு வைக்க வேண்டும். பி.காம். படித்த என் மூளைக்கு 'சமமானது' உடனே பிடித்துப்போனது. பற்று, வரவு, இரண்டும் டேலி ஆகிறது. ஆனால், 'மேலானது' எதற்கு? பத்து ரூபாய் பொருளை எடுத்தேன், பத்து ரூபாய் பொருளை வைத்தேன். நான் யோக்கியன். அதற்குமேல் ஏன் வைக்க வேண்டும்?

நீங்கள் குறுக்கே ஒரு கேள்வி கேட்கலாம். 'உள்ளே இருப்பது பத்து ரூபாய் பொம்மை. அதனால்தான் சார் யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. பத்தாயிரம் ரூபாய் வைத்துப் பாருங்கள், தெரியும்!'

நியாயம்தான். ஆனால், பத்தாயிரத்தை எடுக்காமல் வருகிறவன் நல்லவனா, போலீஸுக்குப் பயந்தவனா என்று எப்படித் தெரியும்? பத்து ரூபாய் பொம்மைக்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது. ஊர் சிரிக்காது. தண்டனையும் இல்லை, பரிசும் இல்லை என்கிற இடத்தில் மனுஷன் என்ன செய்கிறான் என்பதுதான் சுத்தமான பரீட்சை.

அந்தப் பரீட்சையின் ரிசல்ட் என்ன தெரியுமா? ரொம்ப நாள் விளையாடியவர்கள் வழக்கமாகச் சொல்கிற வருத்தம் ஒன்று உண்டு. புதிதாக வைக்கும்போது பெட்டியில் நல்ல நல்ல சாமான்கள் இருக்கும். நாள் போகப் போக உடைந்த பொம்மை, பழைய டிக்கெட், எழுதாத பேனா என்று ஆகிவிடும். யாரோ ஒரு திருடன் வந்து அள்ளிக்கொண்டு போகவில்லை. நல்ல காரை எடுத்தவர், கொஞ்சம் சுமாரான காரை வைத்தார். அதை எடுத்தவர், ஒரு சக்கரம் இல்லாத காரை வைத்தார். ஒவ்வொருவரும் கொஞ்சம்தான் குறைத்தார்கள். யாருக்கும் உறுத்தவில்லை. ஒரு பெட்டி காலி.

நம் அபார்ட்மென்ட் மொட்டைமாடி, லைப்ரரி புத்தகம், ஆபீஸ் டாய்லெட் எல்லாம் வீணாய்ப்போவதும் இப்படித்தானே? பெரிய அயோக்கியர்களைத் தேடிப் போகாதீர்கள். சுமாரான நல்லவர்கள் நூறு பேர் போதும்.

'அப்படியானால் எல்லோரும் சரிக்குச் சரி வைத்தால் பெட்டி பிழைக்குமா?' பிழைக்காது. இங்கேதான் காமர்ஸ் பாடம் கைகொடுக்கிறது. தேய்மானம் என்று ஒன்று இருக்கிறதே! மழை பெய்கிறது. மூடியில் விரிசல் விழுகிறது. நோட்டு நனைந்து ஊறுகிறது. யாருமே தப்பு செய்யாவிட்டாலும் பெட்டி தினம் கொஞ்சம் செத்துக்கொண்டுதான் இருக்கிறது. 'எடுத்ததை வைத்தேன், கணக்கு சரி' என்று எல்லோரும் நகர்ந்தால், அந்த நஷ்டத்தை யார் ஈடுகட்டுவது? ஈர நோட்டுக்குப் பதில் ஒரு காய்ந்த நோட்டை வைத்துவிட்டுப் போகிறாரே ஒருத்தர், அவர்தான். அவருக்கு அது கடமையே இல்லை. பெட்டி உயிரோடு இருப்பது அவரால்தான்.

இன்னொரு வேடிக்கை. இந்த ஆட்டக்காரர்கள், விஷயம் தெரியாதவர்களை 'மகிள்' என்பார்கள். ஹாரி பாட்டர் கதையிலிருந்து எடுத்த வார்த்தை. மகிள் கண்ணில் படாமல்தான் பெட்டியை எடுக்க வேண்டும், திருப்பி வைக்க வேண்டும். போட்டுக்கொண்டால் யார் கண்ணுக்கும் தெரியாமல் போகிற மோதிரம் ஒருவனுக்குக் கிடைத்தால், அவன் நல்லவனாகவே இருப்பானா? பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் வருகிற கேள்வி இது. அந்தக் கதையில் மோதிரம் கிடைத்த இடையன், ராஜாவைக் கொன்று நாட்டையே பிடித்துவிடுகிறான். இங்கே எல்லோருக்கும் மோதிரம் போட்டுவிட்டு, 'போய், ஒரு ரூபாய் அதிகமாக வைத்துவிட்டு வா' என்கிறார்கள்! நோட்டில் உங்கள் பெயர் இருக்கும். எந்தப் பொம்மை உங்களுடையது என்று யாருக்கும் தெரியாது.

நல்ல காரியத்துக்கு ரசீது கேட்டே பழகிவிட்டோம். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு உபயதாரர் பெயர். நீங்கள் கடைசியாக, யாருக்கும் தெரியாமல், கணக்குக்கு மேலே ஒரு ரூபாய் வைத்துவிட்டு வந்தது எப்போது? பதிலை எனக்கு எழுதிப் போடாதீர்கள். சொல்லிவிட்டால் அது இந்தக் கணக்கில் சேராது.