யாளிக்கு இரை யாது?

கோயில் தூண்களிலே யாளியைக் காண்கிறோம். சிங்கத்தின் உடல், யானையின் துதிக்கை, பிதுங்கிய விழி, பிளந்த வாய், வாய்க்குள்ளே கூரிய பற்கள்! கண்டதும் வியக்கிறோம். வியப்பது தவறன்று, உளியேந்திய அந்தச் சிற்பியின் கைத்திறனுக்கு நாம் தரும் காணிக்கை அது. ஆனால், வியந்து முடித்த பிறகாவது நம் உள்ளத்தே ஒரு கேள்வி எழ வேண்டாமா? இந்த விலங்கு உண்மையிலேயே ஒரு காட்டிலே உலவியிருக்குமாயின், அதற்கு இரை யாது?

யானைக்குத் துதிக்கை ஏன்? உயர்ந்த உடல், கனத்த தலை, குறுகிய கழுத்து. குனிந்து புல்லைக் கடிக்கவோ குளத்து நீரைப் பருகவோ அந்தக் கழுத்து இடந்தராது. ஆகவே, எண்ணற்ற தலைமுறைகளிலே, நீண்ட மூக்கே அதற்குக் கையாயிற்று. சிங்கத்துக்கோ கழுத்து வளையும், நகம் பற்றும், தாடை கவ்வும். அதற்குத் துதிக்கை எதற்கு? பாய்கிற வேளையிலே, பல்லுக்கும் இரைக்கும் நடுவே தொங்குகின்ற இடையூறாக அன்றோ அது இருக்கும்!

சிற்பியை நாம் குறைகூறவில்லை. அவன் அழகுக்காகச் செதுக்கினான். இப்படியொரு விலங்கு இருந்தது, நம்பு என்று எவரையும் வற்புறுத்தவில்லை. புனைவைப் புனைவு என்று ஒப்புபவன் கலைஞன். புனைவை வரலாறு என்று சாதிப்பவன் ஏய்ப்பவன். இவ்விருவரையும் தவிர மூன்றாமவன் ஒருவனும் உண்டு. "இது நான் புனைந்ததுதான், ஆயினும் இஃது இருந்திருக்கக் கூடும், எவ்வாறு இருந்திருக்கக் கூடும் என்பதற்குக் கணக்கும் காட்டுகிறேன்" என்பான் அவன். வேற்றுலக உயிர்களைப் படைத்துக் காட்டும் அறிவியல் புனைகதையாளரிலே சிறந்தோர் இந்த மூன்றாம் வகையினர். அவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாட்டிலே, நாம் கற்றுக்கொள்ள வேண்டிய அறமொன்று அடங்கியிருக்கிறது.

"கற்பனைக்குக் கட்டுப்பாடு ஏன்? பறவையின் சிறகை வெட்டலாமா?" என்று சிலர் கேட்பர். சிறகை வெட்டச் சொல்லவில்லை. சிறகிருந்தால் அதை அசைக்கும் தசை எங்கே என்று காட்டச் சொல்கிறோம். அவ்வாறு காட்ட முனைந்தால் கற்பனை வற்றிவிடாது, வளரும். 1977ஆம் ஆண்டிலே, கலாபகசுத் தீவுகளுக்கு அருகே, ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்துக் கடலடியிலே வெந்நீர் ஊற்றுகளைக் கண்டறிந்தனர். கதிரவன் ஒளி எட்டாத அந்த இருளிலே, வாயும் இல்லாத, குடலும் இல்லாத நெடும் புழுக்கள் கூட்டங்கூட்டமாக வாழக் கண்டனர்! வாயில்லா உயிர் என்றால் நம்புவதே அரிது. ஆயினும், இதற்கு இரை யாது என்று கேட்டால் விடை கிடைக்கிறது. அப்புழுவின் உடலுக்குள்ளே குடியிருக்கும் நுண்ணுயிர்கள், ஊற்றிலிருந்து வரும் கந்தக வளியைக் கொண்டு உணவு சமைக்கின்றன. அதனை உண்டு புழு வாழ்கிறது. யாளியை விஞ்சிய விந்தை; ஆனால் கணக்குத் தவறாத விந்தை!

கணக்கோடு கற்பனை செய்தவர்களிலே முன்னோடி எச்.ஜி. வெல்சு. சார்லசு டார்வினின் கொள்கைக்காக வாதாடிய தாமசு அக்சிலியிடம் உயிரியல் பயின்றவர் அவர். 1898இல் நூலாக வந்த அவருடைய ‘உலகங்களின் போர்’ என்னும் கதையிலே, செவ்வாய்க் கோளிலிருந்து படையெடுத்து வருவோருக்கு உடலெல்லாம் தலைதான். குடல் இல்லை, சாட்டை போன்ற பதினாறு கைகள், பிற உயிர்களின் குருதியைத் தம் உடலிலே நேரே செலுத்திக்கொண்டு வாழ்கின்றனர். அச்சமூட்டும் உருவந்தான். ஆனால், எவ்வாறு வந்தது என்பதற்கு அவர் விடை வைத்திருந்தார். நம்மைப் போன்ற உயிர்களே, மூளையையும் கையையும் மட்டுமே நம்பி நெடுங்காலம் வாழ்ந்து, மற்ற உறுப்புகளை இழந்து இவ்வாறு ஆகியிருக்கலாம் என்றார். அவர்கள் மடிவதற்கும் அவர் எந்தத் தெய்வத்தின் சக்கராயுதத்தையும் வரவழைக்கவில்லை. நுண்ணுயிர்கள் இல்லாத உலகிலே வளர்ந்தவர்களாதலால் அவற்றை எதிர்க்கும் ஆற்றல் அவர்கள் உடலிலே இல்லை, நம் மண்ணின் நுண்ணுயிர்கள் தாக்கின, மாண்டனர். பிறந்த இடமும் வளர்ந்த வரலாறுமே ஆற்றலையும் தந்தன, அழிவையும் தந்தன.

அடுத்தது அளவு. மலைபோன்ற அரக்கன் என்று கதை சொல்வோர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். மனிதனைப் பத்து மடங்கு உயரமும் அகலமும் பருமனும் உடையவனாக்கினால் அவன் எடை ஆயிரம் மடங்காகும்; அவன் எலும்பின் குறுக்குப் பரப்போ நூறு மடங்குதான் ஆகும். முதலடி எடுத்து வைத்ததுமே தொடையெலும்பு முறியும். இதனை 1926ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றிலே விளக்கினார் சே.பி.எசு. ஆல்டேன், பிற்காலத்தே இந்தியாவைத் தாயகமாக ஏற்று, 1964இல் புவனேசுவரத்திலே மறைந்த அறிஞர் அவர். அரக்கனைக் கொல்லத் தேவர்கள் படைதிரட்டியிருக்கத் தேவையில்லை. அவனை எழுந்து நடக்கச் சொல்லியிருந்தாலே போதும்!

இந்தக் கணக்குகளையெல்லாம் முழுமையாக மேற்கொண்டு ஓர் உலகையே படைத்தவர் அமெரிக்கப் பள்ளி ஒன்றிலே அறிவியல் ஆசிரியராக இருந்த ஆரி இசுடப்சு. ‘ஆல் கிளமெண்டு’ என்ற புனைபெயரிலே அவர் எழுதிய ‘ஈர்ப்பின் பணி’ 1953இல் தொடர்கதையாக வெளிவந்தது. மெசுக்ளின் என்பது அவர் படைத்த கோள். அது மிக விரைந்து சுழல்வதால் தட்டையாகிவிட்டது. ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து அங்கே ஏறத்தாழப் பதினெட்டே நிமிடம். நடுக்கோட்டிலே ஈர்ப்பு நம் உலகினதைப்போல மூன்று மடங்கு. துருவத்திலோ எழுநூறு மடங்கை நெருங்கும்! அங்கே நிமிர்ந்து நடக்கும் உயிர் நிலைத்திருக்க முடியுமா? ஆகவே, அவ்வுலகின் அறிவுடை மக்கள் பூரான் போலத் தரையோடு தரையாக ஊர்ந்து செல்லும் பலகாலிகள். அங்குக் கடலோ நீரன்று, மீத்தேன். இந்த உலகை எவ்வாறு கணக்கிட்டார் என்பதை அவரே தனிக் கட்டுரையாக எழுதினார். பிழையிருந்தால் கண்டுபிடிப்பது வாசகரின் விளையாட்டு என்றும் கூறினார். படைத்தவனே, "என் படைப்பிலே குற்றம் காண்க" என்று அழைக்கிறான்! ஐயுறுபவன் அழிவான் என்று அச்சுறுத்தும் நூல்களையே கண்டு பழகிய நமக்கு, இஃது எத்துணைப் புதுமை!

உடலோடு நிறுத்திவிடவில்லை அந்த ஆசிரியர். மிகச் சிறிய உயரத்திலிருந்து விழுந்தாலும் சாவு என்னும் நிலையிலே வாழ்பவர்களின் உள்ளம் எப்படியிருக்கும் என்றும் எண்ணினார். அவர்கள் உயரத்தைக் கண்டு நடுங்குகின்றனர். தலைக்குமேல் ஒரு பொருள் இருந்தாலே அஞ்சுகின்றனர். நம் உலகத்தவன் ஒருவன் அதைக் கண்டால், "கோழை இனம்! பிறவியிலேயே கோழை!" என்று ஏளனம் செய்வான். ஆனால் கதையிலே நடப்பதென்ன? பார்லெனன் என்ற வணிகக் கப்பல் தலைவன், ஈர்ப்புக் குறைந்த நடுக்கோட்டுப் பகுதியிலே வாழ்ந்து பழகப் பழக, அச்சத்தை உதறுகிறான். பிற்பாடு தன் கப்பலையே வெப்பக் காற்றினால் வானில் எழுப்பிப் பறக்கிறான்! அச்சம் குருதியில் ஊறியதன்று; நிலைமை ஊட்டியது. நிலைமை மாறியது, நெஞ்சு நிமிர்ந்தது.

இதைப் படிக்கும்போது, நாம் எந்த மக்களை நினைக்கிறோம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? "அவர்களுக்குப் படிப்பு வராது, அது பிறவிக் குணம்" என்று நம் நாட்டிலே சொல்லப்பட்டவர்கள் எத்தனை பேர்! ஏட்டைத் தொடவிடாமல் எத்தனையோ தலைமுறை தடுத்து வைத்துவிட்டு, எழுத்தறியாமையை இயல்பு என்றனர். குனிய வைத்துவிட்டு, கூனன் என்றனர். கற்பனைக் கோளிலே வாழும் பூரானுக்குக் காட்டுகின்ற நேர்மையை, அடுத்த தெருவிலே வாழும் மனிதனுக்குக் காட்ட நாம் மறுக்கலாமா?

உயிர்களை ஏணிப்படிகளாக அடுக்கி, உச்சியிலே தன்னை அமர்த்திக்கொள்வது மனிதனின் பழைய ஆசை. நம் தொல்காப்பியமும் மரபியலிலே உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்துக் காட்டுகிறது. படைத்தவன் அருளைக் காரணம் காட்டாமல், புலன்களைக் கண்டு வகுத்தது அந்த நூல். அதன் பெருமை அது. ஆயினும் இன்று நாம் அறிந்தவை மேலும் பல. வௌவால் தன் குரலின் எதிரொலியைக் கொண்டு இருளிலே வழியறிகிறது. சுறா, இரையின் உடலில் எழும் மின்னலையை உணர்கிறது. இவை எத்தனையாவது அறிவு? எண்காலிக் கணவாய்க்கு மூன்று இதயங்கள், நீலக் குருதி, நரம்பணுக்களிலே பெரும்பகுதி கைகளிலே. நமக்கும் அதற்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. எனினும் அதன் கண்ணும் நம் கண்ணும் ஒன்றையொன்று ஒத்த அமைப்புடையவை. நம் கண்ணிலே உள்ள குருட்டுப் புள்ளி அதன் கண்ணிலே இல்லை. உச்சிப்படியிலே இருப்பதாக எண்ணிய நமக்குப் பழுதுள்ள கண். கடலடியிலே கிடப்பதற்குப் பழுதற்ற கண்! பரிணாமம் ஏணியன்று, கிளைத்துக் கிளைத்துச் செல்லும் மரம். அதிலே மேற்கிளை கீழ்க்கிளை என்பது பார்ப்பவன் நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

இனி, அந்தக் கேள்வியை நம் நாட்டிலே வழங்கும் பிறப்புக் கதை ஒன்றின்மேல் திருப்புவோம். முகத்திலிருந்து ஒருவன் வந்தான், தோளிலிருந்து ஒருவன், தொடையிலிருந்து ஒருவன், காலிலிருந்து ஒருவன் என்கிறார்கள். நால்வேறு தோற்றமாயின், நால்வேறு வரலாறு எங்கே? அதன் தடம் உடலிலே இருக்க வேண்டுமே! ஒருவன் குருதி மற்றவனைக் காக்கிறது. மணந்தால் மகவு பிறக்கிறது. மனித இனம் ஏறத்தாழ 3,00,000 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலே தோன்றிய ஒரே இனம் என்று எலும்புகளும் மரபணுக்களும் சான்று பகர்கின்றன. இந்திய மக்கட்குழுக்களைப் பற்றி 2013இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்திலே அக்குழுக்கள் பரவலாகத் தம்முள் கலந்தன என்றும், அதன்பின்னரே தத்தம் குழுவுக்குள்ளேயே மணக்கும் வழக்கம் இறுகியது என்றும் காட்டியது. கதவு தொடக்கமுதலே மூடியிருந்ததன்று, இடையிலே மூடப்பட்டது. மூடியவன் மனிதனாயின், திறப்பவனும் மனிதனாக இருக்கலாம்.

இங்கே ஒருவர் மறுக்கலாம்: "பரிணாமம் என்பதே வலியது மெலியதைத் தின்பதுதானே? அதிலே சமத்துவத்துக்கு இடமேது?" இந்த வாதத்தைத் துணையாகக் கொண்டுதான் வெள்ளையர் பலர் தம் கொள்ளைக்கு நியாயம் கற்பித்தனர். இயற்கைத் தேர்வு வலிமைக்குப் பட்டம் சூட்டுவதன்று. அந்தந்தச் சூழலுக்குப் பொருந்தியது பிழைக்கிறது, அவ்வளவே. வெல்சின் கதையிலே வல்லமை மிக்கவர் வீழ்ந்தனர். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் நின்றது. மேலும், இயற்கையிலே நடப்பது வேறு. நாம் நடக்க வேண்டியது வேறு. நோயும் இயற்கைதான், அதற்காக மருந்தை எறிந்துவிடுகிறோமா? வெல்சு தம் நூலின் தொடக்கத்திலேயே, செவ்வாய் மக்களைக் கொடியர் என்று பழிக்குமுன், ஐரோப்பியர் தாசுமேனியத் தீவின் மக்களுக்கு இழைத்த கொடுமையை எண்ணிப் பாருங்கள் என்று தம் நாட்டாரையே இடித்துரைத்தார். அம்மக்கள் அடியோடு அழிந்தனர் என்றே அவர் எழுதினார். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர், தம் உரிமையைக் கேட்கின்றனர். வேற்றுலகத்தானைப் படைத்ததன் பயன், நம்மை நாமே வெளியே நின்று காண்பது.

கிளமெண்டின் கதை முடியும் இடமும் நினைக்கத்தக்கது. துருவத்திலே சிக்கிய ஆய்வுக் கருவியிலிருந்து செய்திகளை மீட்டுத்தர நம் உலகத்தார் பார்லெனனை ஏவுகின்றனர். அங்குள்ள ஈர்ப்பை அவர்கள் உடல் தாங்காதே! அவன் நெடும்பயணம் செய்து கருவியை அடைகிறான். அடைந்ததும் விலை பேசுகிறான். பொன் கேட்கவில்லை; போர்க்கருவி கேட்கவில்லை. "உங்கள் அறிவியலை எங்களுக்குக் கற்றுத் தாருங்கள்" என்கிறான். தொடக்கப் பாடத்திலிருந்து படிப்படியாகத்தான் கற்க முடியும் என்பதையும் அவன் ஏற்கிறான். ஏவலாளாக எண்ணப்பட்டவன், மாணவனாகும் உரிமையைக் கேட்டுப் பெறுகிறான்! அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தொலைதூரக் கோளிலே கண்ட காட்சி அது. நம் ஊரின் கல்விப் போராட்டத்தை அறிந்தவர்க்கு அது தொலைவிலே தெரியாது.

1995இல், நம் கதிரவனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் கண்டறியப்பட்டது. 2022க்குள் அத்தகைய வேற்றுக் கோள்களின் எண்ணிக்கை 5,000ஐக் கடந்தது. வியாழனின் துணைக்கோளாகிய யூரோப்பாவின் பனிக்கட்டிக்குக் கீழே உள்ள கடல் உயிருக்கு ஏற்றதா என்று ஆராய 2024இல் விண்கலம் புறப்பட்டது. இதுவரை எங்கும் உயிர் கண்டறியப்படவில்லை. நாளை காணப்படின், அஃது எவ்வுருவினதாயினும், அதனை நோக்கி எழவேண்டிய முதல் கேள்வி, "இஃது உயர்ந்ததா, தாழ்ந்ததா?" என்பதன்று, "இஃது எவ்வாறு இவ்வாறாயிற்று?" என்பதே.

அந்தக் கேள்வியை இன்றே பழக்கலாம். ஆசிரியராகிய நாம், வகுப்பிலே பிள்ளைகளிடம் ஒரு கோளைக் கொடுப்போம்: ஈர்ப்பு இவ்வளவு, வெப்பம் இவ்வளவு, காற்று இத்தகையது என்று கரும்பலகையிலே எழுதுவோம். அங்கு வாழும் ஓர் உயிரை வரையச் சொல்வோம். எத்தனை கால் வேண்டுமானாலும் வரையட்டும். எத்தனை கண் வேண்டுமானாலும் வைக்கட்டும். ஒவ்வோர் உறுப்பையும் சுட்டி, இஃது ஏன் வந்தது, இதற்கு முன் என்னவாக இருந்தது, இதற்கு இரை யாது என்று மட்டும் கேட்போம். இந்தக் கேள்விகளிலே பழகிய பிள்ளையிடம் ஒருநாள் எவரேனும் வந்து, "நீ காலிலே பிறந்தவன்" என்று சொல்லட்டும். அந்தப் பிள்ளை அழாது, அஞ்சாது, "கணக்கைக் காட்டுங்கள்" என்று கேட்கும்.