வைகறையில் ஒரு நாழிகை

கப்பர்நாகூமில் அந்த ஓய்வுநாளின் மாலை எவ்வாறு இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கதிரவன் மறைந்ததும் ஊரே சீமோனின் வீட்டு வாயிலில் வந்து கூடுகிறது. நோயாளிகள், பேய் பிடித்தோர், அவர்களைச் சுமந்து வந்த உறவினர். அவர்களை எல்லாம் கவனித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நற்செய்தியாளர் மாற்கு கூறவில்லை. மறுநாள் இருள் நீங்குமுன்னரே இயேசு எழுந்து, தனிமையான ஓரிடத்திற்குச் சென்று இறைவேண்டலில் ஈடுபட்டார் என்று மட்டும் குறிப்பிடுகிறார். சீமோனும் உடனிருந்தோரும் தேடிக்கொண்டு வந்து, எல்லாரும் அவரைத் தேடுவதாகத் தெரிவிக்கின்றனர். அவரோ அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார்.

இப்பகுதியைச் செபத்தின் மேன்மைக்குச் சான்றாகவே நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். அது சரியே. ஆயினும் இங்கே வேறொரு வினாவும் ஒளிந்திருக்கிறது. வாயிலில் துன்புறுவோர் காத்திருக்க, ஒருவர் தமக்கென்று ஒரு நேரத்தை ஒதுக்கிக்கொள்வது முறையா? தன்னலத்திற்கு அஞ்சி வளர்க்கப்பட்ட நமக்கு, ‘எனக்கென்று கொஞ்ச நேரம்’ என்று வாய்விட்டுச் சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் பிறர் நம்மை இழுக்கும் திசை ஒன்று, நாம் செல்ல வேண்டிய திசை வேறொன்று என்பது கூட்டத்தின் நடுவே நின்றால் தெரிவதில்லை. அதைக் காண்பதற்குச் சற்று விலகி நிற்கவேண்டும். விலகி நிற்பதற்கு ஏற்றவேளை வைகறையே. அப்போது எவரும் நம்மிடம் எதையும் கேட்பதில்லை.

அந்த வேளைக்கென்றே சில இன்பங்கள் உண்டு. ஃபில்டரில் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்குவது காதில் விழும். பகலில் தூசியாக மட்டும் தெரியும் தெரு, பனி ஈரத்தில் மண்வாசனையோடு கிடக்கும். முதல் சேவல் கூவி, அடுத்தது பதில் சொல்லும்வரை உள்ள இடைவெளியைக்கூட அளக்கலாம். நேற்றுப் பேசிய கடுஞ்சொல் ஒன்று தானாகவே நினைவுக்கு வந்து, யாரும் குற்றஞ்சாட்டாமலேயே நம்மை வருத்தும். பகலில் அதற்கு நூறு சமாதானம் சொல்லித் தப்பியிருப்போம். (இந்த அமைதியைக் குலைப்பதில் எல்லாச் சமயத்தாரின் ஒலிபெருக்கிகளும் போட்டியிடுகின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அவற்றைக் கட்டுப்படுத்தும் விதி 2000ஆம் ஆண்டு முதலே இருக்கிறது. நம் ஆலயங்களுக்கும் அது பொருந்தும்.) எழுந்தவுடன் கைப்பேசியைத் தடவுகிறவருக்கோ இவற்றில் ஒன்றும் கிட்டாது. அவர் விழித்த கணமே கப்பர்நாகூம் வாயிலுக்கு வந்து நின்றுவிடுகிறது.

அதிகாலை எழுவதையே புண்ணியமாகக் கருதுவோர் நம்மிடையே உண்டு. அவர்களுக்குப் புனித ஆசீர்வாதப்பர் 6ஆம் நூற்றாண்டில் தம் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கை நினைவூட்டலாம். குளிர்காலத்தில் இரவின் எட்டாம் மணியில் எழவேண்டும் என்று விதித்தவர், அதற்குக் கூறிய காரணம் தவமன்று. நள்ளிரவுக்குச் சற்று மேலும் உறங்கி, உண்டது செரித்து எழட்டும் என்பதே. கோடையில் நண்பகல் உணவுக்குப்பின் படுத்திருக்கவும் அனுமதித்தார். உறக்கத்தை அவர் பகையாக எண்ணவில்லை. பிரெஞ்சு மெய்யியலறிஞர் டெக்கார்ட்டோ நெடுநேரம் படுக்கையில் கிடந்து சிந்திக்கும் பழக்கமுடையவர். நலிந்த உடலினராதலால் இயேசு சபையாரின் பள்ளியிலேயே அவருக்கு அச்சலுகை கிடைத்தது. பின்னாளில் சுவீடன் அரசி கிறிஸ்டினா, கடுங்குளிரில் காலை 5 மணிக்குப் பாடம் கேட்க அவரை அழைத்தார். 1650 பிப்ரவரியில் நுரையீரல் அழற்சியால் அவர் இறந்தார். சாவுக்கு அந்த வைகறைதான் காரணமென்று அறுதியிட முடியாது. எனினும் ஒருவருடைய விடியல் மற்றொருவருக்கு ஒத்துவரும் என்று கட்டளையிடலாகாது. உடலுக்குள் இயங்கும் நாள்கடிகாரத்தின் நுட்பத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்தக் கடிகாரம் எல்லாருக்கும் ஒரே வேளையைக் காட்டுவதில்லை.

ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரோலப் இதைவிட நமக்கு நெருக்கமானவர். அஞ்சல் துறையில் அலுவலர். அலுவலகம் செல்லுமுன் எழுதுவதற்காகக் காலை 5.30 மணிக்கு மேசையில் அமர்ந்துவிடுவார். கடிகாரத்தை எதிரில் வைத்து, கால் மணிக்கு 250 சொல் என்று கணக்கிட்டு எழுதி, 47 நாவல்களைப் படைத்தார். அவர் இறந்தபின் 1883இல் வெளியான தன்வரலாற்றில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறார். அவரை எழுப்பி, காபி கொண்டுவந்து தருவதற்கென்றே முதிய குதிரைக்காரர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுன் கூடுதலாகக் கொடுத்துவந்தார். அந்த மனிதர் ஒருநாளும் தாமதித்ததில்லை. தம் வெற்றிக்கு வேறெவரையும்விட அவருக்கே தாம் அதிகம் கடன்பட்டிருக்கலாம் என்றும் எழுதுகிறார். ஆனால் அவருடைய பெயரை அவ்விடத்தில் குறிப்பிடவில்லை.

எசமானர் ஐந்தரைக்கு எழுதத் தொடங்க, பணியாளர் எத்தனை மணிக்கு எழுந்து அடுப்பை மூட்டினார்? இவ்வினாவை இங்கிலாந்திலேயே விட்டுவிட முடியாது. நம் இல்லங்களில் கூடத்தில் விளக்கைப் போட்டுத் திருவிவிலியத்தை விரித்து அமர்ந்திருக்கும் குடும்பத் தலைவரின் கையிலும் ஒரு காபி இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது? வீட்டில் முதலில் எழுகிறவர் பெரும்பாலும் தாய்தான். குழாயில் தண்ணீர் வரும் நேரம், பிள்ளைகளின் மதிய உணவு, அலுவலகம் செல்பவரின் சட்டை என அவருடைய வைகறை முழுவதும் பிறருக்கே உரியது. அதிகாலை எழுவதன் இன்பத்தைப் பற்றி அவரிடம் யாரேனும் பேசினால் சிரித்துவிடுவார். தனிமை தரும் நன்மைகள் யாவும் உண்மையே எனினும், அடுத்தவரின் உறக்கத்தால் வாங்கப்பட்ட தனிமை எனக்கு உறுத்துகிறது. கப்பர்நாகூமில் இயேசு புறப்பட்டபோது வீட்டார் எவரையும் எழுப்பியதாக மாற்கு எழுதவில்லை. முந்திய நாள்தான் காய்ச்சல் நீங்கி எழுந்து, எல்லாருக்கும் பணிவிடை செய்த சீமோனின் மாமியார் அவ்வேளையில் உறங்கிக்கொண்டிருந்தார் என்றே நினைக்க விரும்புகிறேன்.

நம் முன்னோர் 24 நிமிடங்களை ஒரு நாழிகை என்றனர். அந்த ஒரு நாழிகையை அத்தாய்க்குக் கொடுத்தால் என்ன செய்வார்? செபமாலை சொல்லக்கூடும். தள்ளிப்போட்ட கடிதம் ஒன்றை எழுதக்கூடும். ஒன்றும் செய்யாமல் கொல்லைப்புறத்துக் கல்லில் அமர்ந்து வானம் வெளுப்பதைப் பார்த்திருக்கவும் கூடும். அதற்குக் கணக்குக் கேட்க நமக்கு உரிமையில்லை. அவர் திரும்பி வரும்வரை பால் பொங்கி வழியாமல் பார்த்துக்கொள்ள, வேறொருவர் அடுப்படியில் நிற்க வேண்டியிருக்கும்.